ஏழாம் நம்பர் பிளக்கு

பானெட்டத் தூக்கி கம்பிய முட்டுக்குடுத்து நிறுத்தும்போதே தகடு கைய சுட்டுச்சு, காலையில ஏழேகாலுக்கே இப்படின்னா இந்த ஊர்ல எவன் வேலமெனக்கெட்டு இன்ஜின கண்டுபிடிச்சான், பெட்ரோல தெருவுல ஊத்திட்டுத் தள்ளி நின்னா தானா பத்திக்கும்னு தாட்சாயணி நெனச்சா, நெனச்சத சொல்றதுக்குப் பக்கத்துல ஆள் இல்லாததால அது அப்படியே உள்ள சுத்திக்கிட்டு கெடந்துச்சு. யார்கிட்டயாவது சொன்னாதான் அவளுக்கு ஒரு நெனப்பு முடிஞ்ச மாதிரி இருக்கும். வேலூர் சத்துவாச்சாரில அவங்க வீட்டு வாசல்லயே நிக்கிற கார் இது, முன்னாடியும் பின்னாடியும் செவப்புல எல் போர்டு, கதவுல குணா டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர், அந்தப் பெண் பயிற்சியாளர் அவ அம்மா குணவதி. எடது பக்க சீட்டுக்குக் கீழயும் அம்மாவுக்குன்னு ஒரு கிளட்சு, ஒரு பிரேக்கு. மூணு சிலிண்டர் பழைய பெட்ரோல் வண்டி, கத்துக்க வர்றவங்க எப்படி மிதிச்சாலும் ஏன்னு கேக்காத வண்டி, ரெண்டு மாசமாத்தான் கேக்குது, நடுவுல நடுவுல ஒரு குலுக்கு குலுக்கிட்டு அணைஞ்சு போவுது. நேத்து ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னது இவ்ளோதான், படிக்கிறதுக்குத்தானே லீவு விட்டிருக்காங்க, அதுல ஒரு மணி நேரம் எனக்குக் குடு, பிளக்கக் கழட்டி உப்புத்தாள்ல தேய்ச்சுப் போடு, பதினோரு மணிக்கு டெஸ்டு. யாருக்கு டெஸ்டுன்னு இவ கேக்கல. தெரியும். எஸ்தரக்காவுக்கு, அம்மாகிட்ட வண்டி கத்துக்குற கேட்டரிங் சமையக்கார அக்கா. எஸ்தரக்காவோட எல்எல்ஆர் நாளையோட முடியுது, இன்னைக்கு விட்டா மறுபடி அப்ளிகேஷன், மறுபடி கம்ப்யூட்டர் டெஸ்டு, மறுபடி ஒரு மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள அந்த கேட்டரிங்காரன் அதுக்குத் தர்றேன்ன டெலிவரி வண்டிக்கு வேற ஆளப் போட்டுருவான். அம்மா இதையும் சொல்லிட்டு, ஆனா அது வராதுடி, சாயங்காலமே போன் பண்ணி நான் வரலன்னுடுச்சு, எதுக்கும் நீ வண்டிய ரெடி பண்ணுன்னா. சொல்லும்போது இவ மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தா இவ ரெண்டு வார்த்த திருப்பிக் குடுத்திருப்பா, அம்மாவுக்கு அது தெரியும், அதான் ரசத்தப் பாத்துக்கிட்டே சொன்னா.

மூணு ஒயரையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பிளாஸ்திரில எழுதி ஒட்டுனா, மாத்தி மாட்டிட்டா வண்டி ஒதைக்கும். ஒயரப் புடிச்சு இழுக்கக்கூடாது, ரப்பர் தொப்பியப் புடிச்சுத்தான் இழுக்கணும், இது காலேஜ்ல சொல்லித்தர்றதில்ல, காலேஜ்ல பிளக்குக்குப் படம்தான் வரைய வெப்பாங்க, அதுவும் பென்சில்ல, பேனால வரைஞ்சா ரெக்கார்டக் கிழிப்பாங்க, மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சதுல பென்சில் சீவுறதுலதான் எல்லாரும் பாஸு. மொத தொப்பிய ஆட்டி ஆட்டி எடுத்தா, டக்குன்னு ஒரு சத்தத்தோட வந்துச்சு. குழிக்குள்ள மண்ணு. டிரைவிங் ஸ்கூல் வண்டில மண்ணு இல்லாம எப்படி இருக்கும், நாளு பூரா அந்த கிரவுண்ட்லதான் சுத்துது, எட்டு, எட்டு, எட்டு, ஒரு வண்டி வாழ்நாள்ல ஒரே நம்பர இத்தன தடவ எழுதுனதுன்னா அது இதுதான். சைக்கிள் பம்ப வெச்சு மண்ண ஊதுனா, உள்ள விழுந்தா சிலிண்டரக் கீறிடும், ஊதுனது பூரா திரும்பி அவ கண்ணுலயே விழுந்துச்சு. கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னப்போ அந்த கிரவுண்டுதான் முன்னாடி வந்துச்சு, போன செவ்வாக்கிழமை. கியூல முப்பது வண்டி, எந்த டிரைவிங் ஸ்கூல்காரனும் வண்டிய ஆஃப் பண்ண மாட்டான், ஆஃப் பண்ணி திரும்ப ஸ்டார்ட் ஆவலன்னா இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாருன்னு பயம், நாப்பது நிமிஷம் ஓடவிட்டே ஒரு அடி ரெண்டு அடின்னு நகத்துவாங்க. எஸ்தரக்கா ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, டெஸ்டுக்குன்னு புதுசா சுடிதார் தெச்சுப் போட்டுக்கிட்டு, எட்டுல மொத வளைவ நல்லாத்தான் சுத்துச்சு, ரெண்டாவது வளைவுல வண்டி ஒரு குலுக்கு, அவ்ளோதான், நின்னுடுச்சு. ரெண்டாவது தடவ ஃபெயிலு. மொத தடவ, போன மாசம், மேட்டுல நின்னு பின்னால உருண்டுச்சு. இந்தத் தடவ அம்மாவுக்குக் காய்ச்சல்னு தாட்சாயணிதான் கூடப் போயிருந்தா. இன்ஸ்பெக்டர் பேப்பர்ல எழுதிட்டுப் போனப்புறம் அவதான் கதவத் தொறந்தா, எலுமிச்ச ஜூஸ் வண்டிக்காரன், புரோக்கருங்க, வேற ஸ்கூல் மாஸ்டருங்க, கியூல நின்னவங்க, அத்தன பேரும் பாத்துக்கிட்டிருக்க அவ வாய் தானா பேசுச்சு.

"அக்கா, அடுப்புகிட்டயே நின்னு பழகுன காலுக்கு கிளட்சு வராது. விட்டுடுங்க."

யாரோ சிரிச்சாங்க. ஜூஸ் வண்டிக்காரனா இருக்கலாம், இல்ல அந்த வெள்ளச் சட்ட புரோக்கரு. எஸ்தரக்கா சீட் பெல்ட்டக் கழட்டி, அது தானா சுருட்டிக்கும்னு தெரியாத மாதிரி அத மடிச்சு வெக்கப் பாத்துச்சு, அது சுருட்டிக்கிட்டு ஓடுச்சு, அப்புறம் எறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போச்சு. கார்லயே கொண்டு விடறேன்னு கூப்பிடலாம்னு தாட்சாயணிக்கு தோணுச்சு, கூப்பிடல. கேட்டரிங்ல பதினாலு வருஷமா நிக்குது அது, தெனம் அஞ்சு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் பெரிய பர்னர் முன்னாடி, காலு ரெண்டுலயும் நரம்பு புடைச்சுக்கிட்டு பச்சப் பச்சயா இருக்கும், டாக்டரு நிக்காதம்மா உக்காந்து செய்ற வேலயாப் பாருன்னு சொல்லி, உக்காந்து செய்ற வேலன்னு அதுக்குக் கெடச்சது இந்த டெலிவரி வண்டி ஒண்ணுதான். இதெல்லாம் தெரிஞ்சுதான் தாட்சாயணி அடுப்புன்னு ஆரம்பிச்சா. தெரியாம பேசுனா வெறும் திட்டு, தெரிஞ்சு பேசுனாதான் குத்தும், அதுல அவளுக்குக் கை தேர்ந்திருக்கு. சரி, உண்மையத்தானே சொன்னேன், கிளட்ச பட்டுன்னு விட்டா வண்டி நிக்காம ஆடுமா, நான் இன்ஜினியரிங் பேசுனேன், அவங்க மனசு கஷ்டப்பட்டா அதுக்கு இன்ஜின் என்ன பண்ணும். இப்படி ஆறு நாளா அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கிட்டிருக்கா. ஜெயிச்ச வாதத்த எதுக்கு ஒருத்தி ஆறு நாள் திரும்பத் திரும்பப் பேசணும்னு ஒருவாட்டி தோணுச்சு, அத அப்படியே தள்ளிவிட்டுட்டு பிளக் ஸ்பேனர குழிக்குள்ள எறக்கி குறுக்குக் கம்பியப் போட்டு எடப்பக்கமா திருப்புனா.

கிறீச்சுன்னு ஒரு சத்தம், அப்புறம் இளகிடுச்சு, மீதிய வெரலாலயே சுத்தி எடுத்தா. மொத பிளக்கு வெளிய வந்து வெளிச்சத்துல நின்னப்போ அது கருப்பா இருந்துச்சு. லேசான கருப்பு இல்ல, வெளக்கு சிம்னில புடிக்குமே அந்த மாதிரி காஞ்ச, மெத்துமெத்துன்னு ஒரு கரி, மூக்குலேர்ந்து அடி வரைக்கும், தொட்டா வெரல்ல ஒட்டுச்சு. பிளக்கோட மூக்கப் பாத்தா இன்ஜினோட சங்கதி தெரிஞ்சுடும், காப்பிப்பொடி கலர்ல இருந்தா நல்லா எரியுது, வெளுத்துப்போயி கொப்புளிச்சிருந்தா ரொம்ப சூடாவுது, இப்படிக் கரி அப்பியிருந்தா மூக்கு சூடே ஆவல, கரிய எரிச்சுத் தள்ளுற அளவுக்குச் சூடு அதுக்குக் கெடைக்கல, கரி வழியா கரண்டு வழிஞ்சு ஓடிடும், பொறி வராது, வண்டி குலுங்கும். அதான் பாரு, கத்துக்க வர்றவங்க காலால வந்த வினைன்னு நெனச்சா, பாதிக் கிளட்சுல ஆக்சிலேட்டர மிதிச்சு மிதிச்சு பெட்ரோல ஊத்துனா கரி புடிக்காம கற்பூரமா புடிக்கும். ரெண்டாவதக் கழட்டுனா. அதுவும் அதே கருப்பு. ஒண்ணு கருப்பா இருந்தா அந்த சிலிண்டர்ல கோளாறு, ரெண்டும் ஒரே மாதிரி கருப்புன்னா கோளாறு பொதுவுல இருக்கு. அந்த நெனப்பு அங்க வந்து மாட்டிக்கிச்சு, ஆணில துணி மாட்டுன மாதிரி. பொதுவுலன்னா எது. கார்புரேட்டர் போன மாசம்தான் பாத்தாங்க. ஏர் ஃபில்டர் அவளே மாத்துனா. வேற என்ன மாத்துனோம். வேற என்ன மாத்துனோம்னு மனசு கேக்க ஆரம்பிச்சதும் அவ அவசரமா மூணாவது பிளக்குக்குப் போயிட்டா, கைக்கு வேல குடுத்தா மனசு வாய மூடும்னு ஒரு நம்பிக்க.

மூணாவது திரும்பல. ஸ்பேனர்ல முழு பலத்தையும் போட்டா, குறுக்குக் கம்பி வளையுற மாதிரி இருந்துச்சு, விட்டுட்டா. இன்ஜின் தல அலுமினியம், பிளக்கு இரும்பு, முறுக்குனா மொதல்ல போறது தலயில இருக்குற மரைதான், மரை போச்சுன்னா தலயக் கழட்டி லேத்துக்குக் கொண்டு போவணும், பதினோரு மணி டெஸ்டு இல்ல, இந்த வார டெஸ்டே இல்ல. சுத்தி ஒரு சொட்டு மண்ணெண்ண விட்டுட்டுக் காத்திருந்தா. காத்திருக்கிறது அவளுக்கு ஆவாத வேல. காத்திருந்த அந்த அஞ்சு நிமிஷத்துல, தள்ளித் தள்ளி வெச்ச அந்தக் கேள்வி வந்து பக்கத்துல உக்காந்துக்குச்சு. வேற என்ன மாத்துனோம். பிளக்க மாத்துனோம். யாரு மாத்துனா. ரெண்டு மாசம் முன்னாடி, ஏப்ரல் மொத வாரம். வகுப்புல ஒரு சாரு, ஹாட் பிளக்குன்னா சூடான இன்ஜினுக்குப் போடுறதுன்னு போர்டுல எழுதுனாரு, இவ எந்திரிச்சா, சார் தலகீழா இருக்கு, ஹாட் பிளக்கு தன் சூட்ட மெதுவா விடும், தானே சூடா இருக்கும், அது குளுந்த இன்ஜினுக்கு, சூடான இன்ஜினுக்கு கோல்டு பிளக்குதான் போடணும், அது சூட்ட சீக்கிரமா தலைக்குக் கடத்திடும். அவரு உக்காரும்மான்னாரு. இவ உக்காரல. புஸ்தகத்தத் தொறந்து பக்கத்தக் காட்டுனா. அவரு அழிச்சு எழுதுனாரு, பின் பெஞ்சு பூரா டேபிளத் தட்டுச்சு. அன்னிக்கு பஸ் எறங்கி நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனா. வண்டில அஞ்சாம் நம்பர் பிளக்கு கெடந்துச்சு, நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒரு குத்தமும் இல்ல, ஆனா ஜெயிச்ச கை சும்மா இருக்குமா. அந்தக் கம்பெனி பிளக்குல நம்பர் ஏற ஏற சூட்ட சீக்கிரமா விடும். இந்த ஊரு வெயிலுக்கு ஏழுதான் சரின்னு முடிவு பண்ணி ஏழாம் நம்பர் மூணு குடுங்கன்னா. கடைக்காரரு வண்டி எப்படிம்மா ஓடும், லாங்கா, லோக்கலான்னு கேட்டாரு. "வேலூர்ல ஓடுது, வெயில்ல ஓடுது, நீங்க ஏழ எடுங்கண்ணா"ன்னு இவ சொன்னா. அவரு அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, ஏழ எடுத்துக் குடுத்தாரு. அவரு கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு இவ சொன்னது பதிலே இல்ல. வண்டி எப்படி ஓடும்னா மணிக்குப் பத்து கிலோமீட்டர்ல ஓடும், மொத கியர்லயும் ரெண்டாவது கியர்லயும் ஓடும், கியூல நாப்பது நிமிஷம் நின்னுக்கிட்டே ஓடும்.

மண்ணெண்ண எறங்கியிருக்கும். அரைச் சுத்து இந்தப் பக்கம், கால் சுத்து அந்தப் பக்கம்னு ஆட்டி ஆட்டித் திருப்புனா, மூணாவதும் மரைக்குச் சேதமில்லாம வந்துச்சு. கருப்பு. மூணையும் பானெட் ஓரத்துல வரிசையா வெச்சுட்டு, உள்ள போயி, பிஸ்கட் டப்பால பழைய போல்ட்டு நட்டோட ரெண்டு மாசமா பேப்பர்ல சுத்திக் கெடந்த அஞ்சாம் நம்பர் பிளக்கு மூணையும் எடுத்துட்டு வந்தா. பேப்பரப் பிரிக்கும்போது கை கொஞ்சம் மெதுவாச்சு, பிரிக்காம இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் கிளட்சு மேல பழி போடலாம். பிரிச்சா. காப்பிப்பொடி கலரு. மூணும். அதே வண்டி, அதே ஊரு, அதே கிரவுண்டு, அதே கத்துக்குட்டிக் காலுங்க, ரெண்டு வருஷம் ஓடி காப்பிப்பொடி கலரு. இந்தப் பக்கம் ரெண்டே மாசம் ஓடி அடுப்புக்கரி. நடுவுல மாறுனது ஒண்ணே ஒண்ணுதான், அத மாத்துனவ இப்போ கையில கரியோட நின்னுக்கிட்டு இருக்கா. அம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் உடம்பு சூடுதான், கண்ணு எரிஞ்சா சூடு, வாய்ப்புண்ணு வந்தா சூடு, முகத்துல ஒரு பரு வந்தா சூடு, உடனே வெந்தயம் ஊற வெச்சத குடி, எளநி குடி, தலைக்கு எண்ண வை, இவ அதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பா, உடம்பு என்ன குக்கராம்மா, தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு தொண்ணூத்தெட்டுதான் இருக்குன்னு பாடம் எடுப்பா. கடைசில அவ பண்ணது என்ன. ஊரு சூடு, பானெட்டு சூடு, சீட்டு சூடு, அதனால இன்ஜினுக்கும் சூடு, குளிர்ச்சியா ஒண்ணு போடு. புஸ்தகத்துல பக்கம் நம்பர் வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டு இன்ஜினுக்கு எளநி வாங்கிக் குடுத்திருக்கா. உள்ள எரியுற நெருப்புக்கு முன்னாடி வெளிய அடிக்கிற வெயிலெல்லாம் ஒரு கணக்கா. வகுப்புல சொன்னது அத்தனயும் சரி. வண்டிக்குப் பண்ணது அத்தனயும் தப்பு. அந்த சாராவது போர்டோட நிறுத்திக்கிட்டாரு.

சிரிப்பு வந்துச்சு, வந்த வேகத்துல நின்னுடுச்சு. ஏன்னா அந்த ரெண்டாவது வளைவு. கியூல நாப்பது நிமிஷம் கரி புடிச்ச பிளக்கு, வளைவுல எஸ்தரக்கா மெதுவா கிளட்ச விட்டப்போ பொறி வரல. அதோட கால் சரியாத்தான் இருந்துச்சு. மேட்டுலயும் சரியாத்தான் இருந்திருக்கும். அம்மா ஓட்டும்போது மட்டும் ஏன் நிக்கறதில்ல, அம்மா பதினெட்டு வருஷம் ஓட்டுனவ, இழுவ கொறஞ்சா அவ கால் கேக்காமலே கொஞ்சம் சேத்து மிதிச்சுடும், அம்மாவுக்கே தெரியாது மிதிச்சது. கத்துக்க வந்தவங்களுக்கு வண்டி நின்னா நாம நிறுத்திட்டோம்னுதான் தோணும், வண்டி மேல சந்தேகம் வர்றதுக்கே ஒரு தைரியம் வேணும், அந்த தைரியத்துக்குத்தானே டிரைவிங் ஸ்கூலு. சரி, இப்போ என்ன, அஞ்ச மாட்டுனா வண்டி ஓடப்போவுது, விஷயம் முடிஞ்சுது. முடியல. வண்டி ஓடும், ஓட்டறதுக்கு ஆள் வராது. எஸ்தரக்காவுக்குத் தன் கால் மேல நம்பிக்க போயி ஆறு நாளாச்சு. வண்டில ஒரு சின்ன ரிப்பேரு இருந்துச்சுக்கா, சரி பண்ணியாச்சு, வாங்கன்னு சொல்லலாம். வராது, மனச ஆத்தறதுக்குச் சொல்ற சமாதானம்னு நெனச்சுக்கும், இல்ல அம்மா சொல்லச் சொன்னான்னு. மெக்கானிக்கு தப்பாப் போட்டுட்டான்னு சொல்லலாம். எந்த மெக்கானிக்குன்னு கேட்டா. பிளக்கு டூப்ளிகேட்டுன்னு சொல்லலாம், கடைக்காரரு தலயில கட்டலாம், பாவம் அவரு ஒரு கேள்வி கேட்டதுக்குத் தண்டன. இப்படி வரிசையா அவ மனசு ஒவ்வொண்ணா எடுத்து நீட்டுச்சு, ஒவ்வொண்ணும் பேச நல்லாத்தான் இருந்துச்சு, அவ வாய்க்கு அதது ஒரு நிமிஷ வேல. யோசிக்க யோசிக்க கை தானா வேல பாத்துக்கிட்டிருந்துச்சு, பழைய பிளக்கோட மூக்கக் கம்பித் தூரிகையால மெதுவா துடச்சுது, பொறி தாவுற அந்த கேப்புல அளவுத்தகட்ட விட்டுப் பாத்துச்சு, ஒண்ணு மட்டும் அகண்டிருந்துச்சு, தரையில லேசா ஒரு தட்டு தட்டி மறுபடி தகட்ட விட்டா, லேசா புடிச்சுக்கிட்டு நகந்துச்சு, அதுதான் சரி. உள்ள விடும்போது ஸ்பேனர் போடக்கூடாது, ஒரு முழத்துண்டு ரப்பர் டியூப்ப பிளக்கு தலயில மாட்டி வெரலால சுத்தணும், கோணலா போனா டியூப்பு வழுக்கும், மரையக் கடிக்காது. வழுக்கல. மொதலு உக்காந்துச்சு, ரெண்டாவது, மூணாவது. அப்புறம் ஸ்பேனர், வாஷர் படிஞ்சதும் கொஞ்சம்தான், வேகத்துல முறுக்கிடாதன்னு அவளுக்கு அவளே சொல்லிக்கிட்டா, இன்னைக்குன்னு பாத்து அவ கை அவ பேச்சக் கேட்டுச்சு. ஒயர் ஒண்ணு, ரெண்டு, மூணு. சாவியப் போட்டா. வண்டி ஒரே சுத்துல எடுத்துச்சு, குலுக்கல் இல்ல, பத்து நிமிஷம் அப்படியே ஓடவிட்டா, அந்தச் சத்தத்துல ஒரு நெளிவு கூட இல்ல. குலுங்கித் தொலச்சிருக்கலாம்னு ஒரு ஆச வந்துச்சு, குலுங்கினா கோளாறு வேற எங்கயோன்னு ஆயிடும். குலுங்கல. மணி எட்டரை. போன எடுத்தா.

நாலு ரிங் போனப்புறம் எடுத்துச்சு எஸ்தரக்கா. பின்னாடி பர்னர் சத்தம், பெரிய கரண்டி அண்டாவுல உரசுற சத்தம். அக்கா நான் தாட்சாயணின்னதும் அந்தப் பக்கம் கரண்டி நின்னுச்சு.

"சொல்லும்மா. அடுப்புகிட்டத்தான் நிக்கிறேன்."

அது குத்துறதுக்குச் சொன்ன மாதிரி இல்ல, இருக்குறத சொன்ன மாதிரிதான் இருந்துச்சு, அதனாலயே தாட்சாயணிக்கு எடுத்து வெச்சிருந்த மொத வாக்கியம் தொலஞ்சு போச்சு. மெக்கானிக்கு, கடைக்காரரு, டூப்ளிகேட்டு எல்லாம் போச்சு. பிளக்க மாத்துனது நான், ரெண்டு மாசம் முன்னாடி, யாரும் மாத்தச் சொல்லல, தப்பான பிளக்கு, மெதுவா ஓடுற வண்டிக்கு ஆவாதது, அதுல கரி புடிச்சு வண்டி தானா நின்னிருக்கு, உங்க கால்ல ஒண்ணும் தப்பில்லக்கான்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா. அந்தப் பக்கம் யாரோ எஸ்தர், ரவ எங்கன்னு கேட்டாங்க, அது மேல் தட்டுலன்னு பதில் சொல்லிட்டு மறுபடி போனுக்கு வந்துச்சு.

"ரெண்டு வாட்டியும் அதானா?"

"ரெண்டு வாட்டியும்க்கா."

"ஆறு நாளா நான் நடக்கும்போது கால குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்குனு நடக்கறேன். தெரியுமா உனுக்கு?"

தாட்சாயணி, பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு, வந்தீங்கன்னா கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொன்னா. எஸ்தரக்கா யோசிச்சுச்சு. அது யோசிக்கிறது போன்ல கேட்டுச்சு, மூக்கால ஒரு நீள மூச்சு.

"வர்றேன். ஆனா நீ எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்ன. இதையும் அங்க வந்து அதே மாதிரி சொல்லு. அந்த ஜூஸ் வண்டிக்காரன் கேக்கணும்."

"சொல்றேன்க்கா."

"நான் ஓட்டறதுக்கு முன்னாடி சொல்லு. ஓட்டுனப்புறம் சொன்னா வேற மாதிரி ஆயிடும்." அவ்ளோதான், வெச்சுடுச்சு. அது ஏன் முன்னாடின்னு கேட்டுச்சுன்னு இவளுக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. பாஸ் ஆனப்புறம் சொன்னா அது பெருந்தன்ம. முன்னாடி சொன்னா, எஸ்தரக்கா ஃபெயில் ஆனாலும் இவ சொன்னது நிக்கும்.

கரி புடிச்ச மூணு பிளக்கையும் கையில எடுத்துக்கிட்டு உள்ள போனா. அம்மா தல சீவிக்கிட்டு இருந்தா, வாயில ஹேர்பின்னு. தேய்ச்சுட்டியான்னு கேட்டா. தேய்க்கலம்மா, பழசயே மாத்திப் போட்டுட்டேன், ஏப்ரல்ல நான் போட்டது தப்பான நம்பரு, அதனாலதான் வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு, எஸ்தரக்காகிட்ட சொல்லிட்டேன், வருதுன்னா. சொன்னப்புறம் அம்மா திட்டுவான்னு எதிர்பாத்தா, திட்டுனா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும், திட்டுக்குத் திருப்பிக் குடுக்க இவகிட்ட சரக்கு இருக்கு. அம்மா பிளக்க ஒண்ணு வாங்கிப் பாத்தா, கரி வெரல்ல ஒட்டுனத பாத்தா, ஹேர்பின்ன வாயிலேர்ந்து எடுத்துக் கொண்டையில குத்துனா. அப்புறம் டிவி மேல இருந்த பேரு எழுதுற நோட்ட எடுத்து ஏப்ரல்லேர்ந்து பக்கம் திருப்பி, வெரலால கீழ எறங்கிக்கிட்டே வந்தா, நாலு எடத்துல நின்னா.

"வண்டி நின்னு ஃபெயிலாயி அதோட வராம போனவங்க நாலு பேரு. பேங்க்ல வேல செய்ற ஜெரினா, தண்டபாணி சாரு, அந்த கிளினிக் பொண்ணு, காய்கறி மண்டி ஏகாம்பரம்." நோட்ட அவ பக்கம் திருப்பி வெச்சா. "நம்பர் பக்கத்துலயே கீது. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடு."

நாலு பேரோட மூஞ்சியும் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு, நாலு பேருக்கும் அவ ஏதாவது சொல்லியிருக்கா, ஜெரினாவுக்கு என்ன சொன்னோம்னு மட்டும் நெனவு வரல, சொல்லாம இருந்திருக்க வாய்ப்பில்ல. பரீச்சையில தெரிஞ்ச கேள்விய மொதல்ல எழுதுற மாதிரி யாரு சுலபம்னு பாத்தா. யாரும் சுலபமா இல்ல. கடைசிலேர்ந்து ஆரம்பிச்சா. ஏகாம்பரம் எடுத்தாரு, மண்டியில ஏலச் சத்தம், மூட்ட விழுற சத்தம். அவ பேரச் சொன்னா, எந்த ஸ்கூலுன்னு சொன்னா, டெஸ்ட்ல வண்டி நின்னது உங்களாலயில்லண்ணா, நான் போட்ட பிளக்கு தப்பு, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்னா.

"ஏம்மா, எனக்குக் கையும் காலும் ஒண்ணா வேல செய்யாதுன்னியே, பைக்கக் கூட மச்சானுக்குக் குடுத்துட்டு நான் பஸ்ல வந்துனுகீறேன்."

இன்னைக்குக் காலையிலதான்ணா எனக்கே தெரிஞ்சுதுன்னு நாக்கு நுனியில இருந்துச்சு, அது உண்மையும் கூட. அவ அத சொல்லல. நாளைக்கு ஆறு மணிக்கு வாங்கண்ணா, வண்டி நிக்காதுன்னா. அவரு போன காதுல வெச்சுக்கிட்டே யார்கிட்டயோ தக்காளி பாக்ஸ அந்தப் பக்கம் அடுக்குடான்னு கத்திட்டு, திரும்பி வந்தாரு. இரு, அந்த மச்சான் இங்கதான் கீறான், ஸ்பீக்கர்ல போடறேன், மொதல்லேர்ந்து சொல்லு, அவனும் கேக்கட்டும்னாரு.

தாட்சாயணி மொதல்லேர்ந்து சொன்னா, மண்டி இரைச்சல்ல கேக்கணுமேன்னு கொஞ்சம் சத்தமா.